வடை எண்ணெயில் ஓடிய வண்டி

பழைய டீசல் வண்டியில் எதையெல்லாம் மாற்றுவார்கள், எதை மாற்றினால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லியாக வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு டிரெயினிங்கில் சொல்லித் தந்திருப்பார்கள். அதை நான் மறுபடி ஓதப் போவதில்லை. அதற்கு எனக்குப் பொறுமையும் கிடையாது. கிளெய்ம் ஆபீசில் உட்கார்ந்திருந்த காலம் முழுக்க நான் பார்த்த கோளாறு வேறு. வண்டியில் கை வைத்துவிட்டுத் திருட்டுத்தனமாக மறைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் எல்லோரும் யாரிடமாவது சொல்லியிருப்பார்கள். அந்த யாரோ யார் என்பதில்தான் வம்பு வரும்.

டெக்சஸில், ஹூஸ்டனை அடுத்த கேட்டி என்ற ஊருக்கு மேற்கே ஒரு வெள்ளைக்கார விவசாயி இருந்தார். பழைய டீசல் பிக்கப் டிரக் வைத்திருந்தார். அதில் ஒரு பைப்பை மாற்றினாலும் கம்பெனிக்கு போன் போடுவார். "இன்றைக்கு இதைக் கழற்றினேன், இதை மாட்டினேன், எழுதிக்கொள்." போனை எடுக்கிறவர்கள் பின்னால் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்த மனிதரின் வண்டி ஒரு தடவை பள்ளத்தில் உருண்டபோது, அவருடைய ஃபைலில் நான் கேட்பதற்கு ஒரு கேள்வியும் இல்லை. எங்கள் ஆபீசில் அவருக்கு ஒருவர் பெயரும் தெரியாது. நம்பரைக் கூப்பிட்டார், யார் எடுத்தாலும் சொன்னார். அவ்வளவுதான்.

நம் ஆட்களுக்கு அது வராது. நமக்கு நம்பர் போதாது, ஆள் வேண்டும். ஹூஸ்டன் பக்கம் வந்து இறங்குகிற தமிழ்க் குடும்பத்துக்கு முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிவிடுவார்கள்: இன்சூரன்ஸா, அங்கிளிடம் போங்கள். அந்த அங்கிளுக்குப் பெயர் இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நானும் இங்கே சொல்லவில்லை. எங்கள் கம்பெனியின் ஏஜென்ட். சென்னைக்காரர், அப்போதே நன்றாக வயதானவர். புதிதாக வருகிறவர்களை ஏர்போர்ட்டுக்கே போய் அழைத்து வருவார். அபார்ட்மென்ட் பிடிக்க ஜாமீன் கையெழுத்துப் போடுவார். டிரைவிங் டெஸ்டுக்குத் தன்னுடைய காரையே கொடுத்து அனுப்புவார். அதற்கப்புறம் அவரிடம் பாலிசி எடுக்காமல் வேறு யாரிடம் எடுப்பது? வருஷா வருஷம் பாலிசியைப் புதுப்பிக்கும்போது, வண்டியில் ஏதாவது மாற்றம் செய்திருக்கிறீர்களா என்று கம்பெனி கேட்கும். இல்லை என்று அவருடைய ஆபீசிலேயே பதில் போட்டு அனுப்பிவிடுவார்கள். ஒரு குடும்பமும் அதைப் படித்துப் பார்த்ததில்லை. அங்கிள் இருக்கும்போது எதற்குப் படிக்க வேண்டும்?

தண்டபாணி அப்படி வந்தவர்களில் ஒருவர். கரூர்ப் பக்கம். கேட்டியில் ஒரு பெட்ரோலிய நிறுவனத்தில் இன்ஜினியர், மனைவி சுகந்தி, ஸ்கூலுக்குப் போகிற ஒரு மகள். சனி ஞாயிறு வந்தால் மனிதர் ஒரு பழைய ஜெர்மன் டீசல் காருக்கு அடியில் படுத்துக்கிடப்பார். அந்தக் காரைச் சமையல் எண்ணெயில் ஓட வைக்க வேண்டும் என்று ஒரு பைத்தியம். ஓடவும் வைத்துவிட்டார். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கிற குழியில் இரண்டாவதாக ஒரு டேங்க், எண்ணெயைச் சூடாக்க ஒரு ஹீட்டர், அங்கிருந்து வண்டிக்கு அடியிலேயே இன்ஜின் வரைக்கும் ஒரு ஹோஸ் குழாய். கோயில் கிச்சனில் வடை சுட்டு மிஞ்சிய எண்ணெயை டின்னில் வாங்கிப் போய், கராஜில் துணியால் வடிகட்டி ஊற்றுவார். வண்டியைக் கிளப்பினால் கோயில் பார்க்கிங் முழுக்க வடை வாசம் அடிக்குமாம். வேலை பார்ப்பது பெட்ரோல் கம்பெனியில், வண்டி ஓட்டுவது வடை எண்ணெயில் என்று சிநேகிதர்கள் எல்லோரும் கிண்டல் செய்வார்களாம். நான் கோயில் பக்கம் அதிகம் போகிறவள் இல்லை. இதையெல்லாம் பிற்பாடுதான் கேட்டேன்.

ஒரு குளிர்காலக் காலையில், வேலைக்குப் போகும்போது, ஃப்ரீவேயில் ஏறுகிற வளைவில் அந்த ஹோஸ் கழன்றுவிட்டது. டேங்கில் இருந்த எண்ணெய் ரோட்டில் கொட்டியது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தவர் அதில் சறுக்கி விழுந்து, ஓரத்துத் தடுப்புக் கம்பிக்கு அடியில் போய்ச் சிக்கினார். ரமோன் என்று ஒரு வெல்டர். வேலைக்குக் கிளம்பி வந்தவர். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

தண்டபாணி வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பி ஓடி வந்திருக்கிறார். தன்னுடைய கோட்டைக் கழற்றி அந்தக் காலைச் சுற்றிக் கட்டி, ஆம்புலன்ஸ் வரும்வரை ரமோனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். போலீஸ் வந்ததும், யாரும் கேட்பதற்கு முன்னால், எண்ணெய் என்னுடையது என்று அவரே சொன்னார். அவர் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஃபைல் என் மேஜைக்கு வந்தது. விஷயம் சிக்கலே இல்லை. இப்படி ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டுக் கம்பெனிக்குச் சொல்லவில்லை என்றால், கம்பெனி கையை உதறிவிடும். ஆனால் வேலையில் சேர்ந்த முதல் வாரமே உங்களுக்குச் சொல்லித் தருகிற ஒன்று உண்டு: ஏஜென்டுக்குத் தெரிந்திருந்தால் அது கம்பெனிக்கே தெரிந்த மாதிரி. ஆகவே தண்டபாணி அங்கிளிடம் சொன்னாரா இல்லையா என்பது ஒன்றுதான் கேள்வி. சொல்லியிருந்தால் ரமோனுக்குக் கம்பெனி கொடுத்தாக வேண்டும், தெரிந்தும் எழுதாத ஏஜென்டின் லைசென்ஸ் போகும். சொல்லவில்லை என்றால் ரமோன் கோர்ட்டுக்குப் போய், தண்டபாணியிடம் இருக்கிறதைப் பிடுங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஒருவரிடம் பிடுங்கி இன்னொருவருக்குக் கால் வைக்க எத்தனை காலம் ஆகும், அதற்குள் அந்த வெல்டரின் குடும்பம் என்ன ஆகும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

என் மேனேஜர் டெக்சஸ்காரர், வார்த்தையை அளந்து பேசுகிறவர். அவரிடம் போய், எனக்கு ஏஜென்டைத் தெரியும், இந்தக் குடும்பமும் எங்கள் ஊர்ப் பக்கம், ஃபைலை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: கேட்க வேண்டிய கேள்வியை உன்னால் கேட்க முடியுமா, முடியாதா? முடியும் என்றேன். அப்படியானால் உன்னிடமே இருக்கட்டும், இன்னொருவர் போனால் அவர்கள் வாயே திறக்க மாட்டார்கள் என்றார். எனக்கு அவர் மேல் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

தண்டபாணியின் வீட்டுக்குப் போனேன். உட்காரும் முன்பே சொன்னேன், நான் கம்பெனியிலிருந்து வந்திருக்கிறேன், நீங்கள் சொல்வதெல்லாம் ஃபைலுக்குப் போகும் என்று. இரண்டு பேரும் தலையாட்டினார்கள். சுகந்தி என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டு காபி கொண்டுவந்து வைத்தாள். நீங்களும் இப்படிப் போவீர்கள், உங்களுக்கும் காபி வரும். குடிப்பதில் தப்பில்லை. குடித்தபிறகு நீங்கள் யார் என்பதை இன்னொரு தடவை சொல்லுங்கள். நான் சொன்னேன். அப்படியும் அது போதவில்லை.

டேப்பை ஓட விட்டு, இங்கிலீஷில் கேட்டேன். வண்டியை மாற்றியதைப் பற்றிக் கம்பெனியிலோ ஏஜென்டிடமோ தெரிவித்தீர்களா? "நோ, மேம்" என்றார். நம் ஆட்கள் விசா ஜன்னலில் நின்று பழகிய பதில் அது. கேட்டதற்கு மட்டும், ஒரே வார்த்தை, நேராகக் கண்ணைப் பார்த்து. அந்தப் பதிலிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. ஆகவே டேப் ஓடும்போதே தமிழில் இன்னொரு தடவை கேட்டேன்.

"தண்டபாணி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஏஜென்ட்கிட்ட ஒரு வார்த்தையாவது சொன்னீங்களா?"

அவர் மேஜையைப் பார்த்தார். "இல்லைங்க. நான் யார்கிட்டயும் சொல்லலை."

தமிழில் கேட்டபோது அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் மேற்கொண்டு என்ன செய்வது? சொல்லியிருந்தால் உனக்கு நல்லது என்று எடுத்துக் கொடுக்க நமக்கு உரிமை கிடையாது. அது பதிலைக் கேட்பது ஆகாது, ஊட்டிவிடுவது ஆகும். அதோடு அவர் இன்ஜினியர், எல்லாவற்றையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார். எதைச் சொன்னால் தன் வீடு தப்பும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் இல்லை என்றார். டேப்பை நிறுத்திவிட்டுக் கிளம்பினேன்.

சுகந்தி என் கூடவே கார் வரைக்கும் வந்தாள். கராஜ் கதவு திறந்திருந்தது. உள்ளே எண்ணெய் டின்கள் வரிசையாக அப்படியே இருந்தன. அவள் வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"இவர் சொன்னாருங்க, ஆன்ட்டி. கோயில்ல நான் பக்கத்துல நின்னு பிளேட்ல சாம்பார் ஊத்திட்டிருந்தேன். அங்கிள், இந்த மாதிரி டேங்க் வெச்சிருக்கேன், இன்சூரன்ஸ்ல இதைச் சொல்லணுமான்னு கேட்டாரு. நான் இருக்கேன்ல, பாத்துக்கலாம் தம்பின்னு அங்கிள் சிரிச்சாரு. அந்த வண்டியிலயே ஒரு ரவுண்டும் போயிட்டு வந்தாரு."

அப்படியானால் ஏன் இல்லை என்கிறார் என்று கேட்டேன். தண்டபாணியின் அப்பா கரூரில் இறந்தபோது இவருக்கு விசா விஷயம் ஏதோ மாட்டிக்கொண்டு, போனால் திரும்பி வர முடியாத நிலைமையாம். அப்பாவுக்குக் கொள்ளி வைக்க முடியாமல் இங்கே சோபாவில் உட்கார்ந்திருந்த மனிதருக்குப் பக்கத்தில் அன்று முழுக்க அங்கிள் உட்கார்ந்திருந்தாராம். அவரைக் காட்டிக் கொடுத்துவிட்டு நான் சோறு தின்ன வேண்டுமா என்று கேட்கிறாராம். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு அவள் சொன்னாள். "உங்களை ஆன்ட்டியா நெனச்சுத்தான் சொல்றேன். கம்பெனிகிட்ட சொல்லலைங்க. எழுதிடாதீங்க."

"சுகந்தி, நான் ஆன்ட்டியா இங்க வரலை. வந்தப்பவே சொன்னேனே. நீ சொன்னதை நான் எழுதித்தான் ஆகணும்."

"எழுதுனா இவர் என்னை மன்னிக்கவே மாட்டாருங்க."

காரில் ஏறி, அவர்கள் தெரு முனையில் இருந்த பார்க் பக்கத்தில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன்.

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. வண்டியும் ஹோஸும் பெரிய விஷயம் இல்லை, அதை இன்ஜினியர்கள் பார்த்துக்கொள்வார்கள். அன்றைக்கு அந்தக் காரில் என் முன்னால் இருந்தது மூன்று வழி. ஒன்று, டேப் ஓடாதபோது காதில் விழுந்ததைக் கேட்காத மாதிரி இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. இரண்டாவது, அங்கிளைக் கூப்பிட்டு, நீங்களாகவே வந்து சொல்லிவிடுங்கள் என்று நாசூக்காகக் காதில் போடலாம். நம் ஆட்கள் எல்லோரும் இதைத்தான் செய்வார்கள், செய்துவிட்டுப் பெரிய மனிதத்தனம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் விசாரணையில் இருக்கிற ஆளுக்கு முன்கூட்டியே விஷயத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அப்புறம் அவர் சொல்கிற எதற்கும் மதிப்பில்லை. தண்டபாணிக்கும் அது உதவாது. மூன்றாவது, எழுதுவது.

முதல் வழி எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோயிலில் சாம்பார் பிளேட்டோடு நின்ற அங்கிளும் இதே இடத்தில்தான் நின்றிருக்கிறார். ஒருவன் அவரை அங்கிள் என்று நினைத்து ஒன்றைச் சொன்னான். அவரும் அங்கிளாகவே அதைக் கேட்டுக்கொண்டார். அவர் கம்பெனியின் ஆள் என்பது அந்த நேரத்தில் இரண்டு பேருக்குமே ஞாபகம் வரவில்லை. இப்போது சுகந்தி என்னிடம் அதே மாதிரி சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

ரமோனின் மனைவி வாரம் தவறாமல் எனக்கு போன் செய்வாள். அரைகுறை இங்கிலீஷ். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. ஏதாவது தெரிந்ததா என்று கேட்பாள், இன்னும் இல்லை என்பேன், தாங்க்யூ என்று வைத்துவிடுவாள். அவளுக்கு அங்கிள் யார் என்று தெரியாது. கரூரில் இறந்த தண்டபாணியின் அப்பாவைத் தெரியாது. தண்டபாணி நல்லவர், சுகந்தி நல்லவள், அங்கிளும் நல்லவர்தான். மூன்று நல்லவர்கள் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்வதில், ஆஸ்பத்திரியில் கிடக்கிற நாலாவது ஆளுக்கு ஒன்றும் மிஞ்சாது போலிருந்தது. அங்கேயே லேப்டாப்பைத் திறந்து, சுகந்தி சொன்னதை அவள் சொன்னபடியே எழுதி அனுப்பினேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. சுகந்தியை ஆபீசுக்கு அழைத்து முறைப்படி கேட்டார்கள். தண்டபாணிதான் அவளைக் காரில் கொண்டுவந்து விட்டார். உள்ளே வரவில்லை. அவள் பேசி முடிக்கிறவரை பார்க்கிங்கில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உள்ளே அவள் அழாமல், ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். எனக்கு இருந்த தைரியத்தைவிட அவளுக்கு இருந்தது அதிகம். எனக்குப் போனால் ஒரு வேலைதான் போயிருக்கும்.

அங்கிளைப் பார்க்க நானே போனேன். மளிகைக் கடைக்கும் சலூனுக்கும் நடுவில் சின்ன ஆபீஸ். முதலில் எனக்கு ஞாபகம் இல்லை என்றார். வயதானவர், நிஜமாகவே மறந்திருக்கலாம் என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. மறந்திருக்க வேண்டும் என்றுகூட மனசு கேட்டது. அந்த வண்டியில் போயிருக்கிறீர்களா என்று மட்டும் கேட்டேன்.

"ஒரு ரவுண்டு போனேம்மா. வடை வாசனை வருதுடான்னு சிரிச்சோம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொன்னான். கேட்டான், நான்தான் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். எழுந்து வரும்போது, தம்பியிடம் சொல்லு, எனக்கு அவன் மேல் கோபம் இல்லை என்றார். அதைத் தண்டபாணியிடம் போய்ச் சொல்ல எனக்கு அனுமதி கிடையாது. நான் சொல்லவும் இல்லை. அதை அங்கிளே நேரில் சொல்லியிருக்கலாம், ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாது.

ரமோனுக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. தண்டபாணியின் வீடும் தப்பியது. அங்கிளின் லைசென்ஸ் போயிற்று. ஆபீசைக் காலி செய்துவிட்டு கலிஃபோர்னியாவில் மில்பிடாஸில் இருக்கிற மகனோடு போய்ச் சேர்ந்தார். அவர் ஊரைவிட்டுப் போவதற்கு முன் கோயிலில் எல்லோரும் கூடி வழியனுப்பியிருக்கிறார்கள். தண்டபாணியும் போயிருக்கிறார், ஆனால் உள்ளே நுழையாமல் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிவிட்டாராம். சுகந்தியை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. பிறந்த நாள், கொலு, பாட்லக் விருந்து என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். நம் ஆட்களுக்கு இது கைவந்த கலை. என்னையும்தான் நிறுத்தினார்கள், ஆனால் எனக்கு அந்த சாப்பாடு எப்போதும் அவ்வளவாகப் பிடித்ததில்லை.

இதையெல்லாம் உங்களிடம் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இப்போது நம் பிள்ளைகள் நிறையப் பேர் இந்த வேலைக்கு வருகிறீர்கள். தமிழ் பேசுகிற ஆள் வேண்டும் என்றுதான் கம்பெனி உங்களை அனுப்பும். போகிற வீட்டில் உங்களை அக்கா, தம்பி என்பார்கள். அந்த வார்த்தை வந்த உடனே பேச்சு தாராளமாக வரும். வருகிறதை வாங்கிக்கொண்டு, பாத்துக்கலாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தையை உங்கள் வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். கேட்டால் அன்றைக்கே எழுதுங்கள். எழுதினால் நன்றி சொல்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், சொல்ல மாட்டார்கள். சரியாகச் செய்துவிட்டோம் என்ற நிம்மதி வரும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் அதையும் நம்பாதீர்கள். எனக்கு வரவில்லை. மறுபடி அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாலும் எழுதத்தான் செய்வேன், அது வேறு விஷயம்.

ரிட்டயர் ஆன பிறகு ஒரு தடவை மளிகைக் கடையில் சுகந்தியைப் பார்த்தேன். காய்கறிப் பக்கத்தில் கோவைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஒதுங்கிப் போய்விடலாம் என்று பார்த்தேன். அவளே பக்கத்தில் வந்தாள். இளைத்திருந்தாள். நலம் விசாரிக்கவில்லை.

"அந்த மனுசனுக்குக் கால் வெச்சுட்டாங்களா, ஆன்ட்டி?"

அது ஃபைலில் இருக்கிற விஷயம். வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளியாளிடம் சொல்லக் கூடாது. இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"வெச்சாச்சு, சுகந்தி. நடக்கறாரு. வேலைக்கும் போறாரு."

அவள் கையிலிருந்த கோவைக்காயைப் பைக்குள் போட்டாள்.

"நல்லதுங்க" என்றாள். "இவர்தான் இன்னும் எங்கூடப் பேசறதில்லை."